பதினொரு உள்ளங்கை

உங்கள் கையை நீங்களே வையுங்கள் என்றாள் டொக்டர்.
விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கை
அவரவர் உடம்பில் நூற்றில் ஒரு பங்காம்.
எல்லாருக்கும் அப்படித்தானாம்,
அட்மிரலுக்கும்.

முழங்காலில் வைத்தேன். ஒன்று.
கணுக்காலில், சப்பாத்து ஏறிய உயரம் வரை, இரண்டு.
பெல்ட் கிடந்த தடத்தில்
கையைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்தேன்,
வளவு அளக்கிறவனைப் போல.
முதுகுக்கு எட்டவில்லை.
லிகிதர் என் கையைக் கடதாசியில் கவிழ்க்கச் சொல்லி
சுற்றிப் பென்சில் கோடிழுத்து, வெட்டி,
அந்தக் கடதாசிக் கையை
இரண்டு விரல் நுனியால் பிடித்து
முதுகில் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

நய்முத்தீன், எஞ்சின் அறை, பதினொன்று.

இருபது என்றால் மாதக் காசு.
பத்தொன்பதுக்கும் பதினொன்றுக்கும்
ஒரே கடிதம், ஒரே முத்திரை.

ஜன்னலுக்கு வெளியே மாரி.
துறைமுகத் தகரமெல்லாம் ஒரே இரைச்சல்.
மாரியில் என் தோல் நல்ல பிள்ளை, டொக்டர்,
கச்சான் வீசும்போது கூப்பிடுங்கள் என்றேன்.
டீசலில் கை கழுவி
உப்புத் தண்ணியில் டீசலைக் கழுவிய வருஷங்களை
அந்தக் காற்று வந்துதான் உடம்புக்கு ஞாபகப்படுத்தும்.
கூப்பிட்டது நீங்கள், கூப்பிட்ட மாதம் இது.

இன்றைக்கு இருப்பதைத்தான் எழுதலாம் என்றாள்.
பொய் சொல்லவில்லை அந்தப் பிள்ளை.
பேனை எழுதாமல் நின்றது, கொஞ்ச நேரம்.

பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.
ஜாம் போத்தல்.
லேபலைச் சுரண்டிக் கழுவி மிஸ்ரியா தந்தது.
ஆனியில் பதினேழு காலை,
நான் படுத்த பக்கத்து விரிப்பை உதறாமல்
கோழியிறகால் கூட்டிக் கூட்டிச் சேர்த்திருந்தாள்.
பாதிக்கு மேல் இருந்தது. சாம்பல் நிறம், பாரமே இல்லை.
தெரியாதவர்கள்
கருவாட்டுச் செதில் என்று நினைக்கலாம்.

லிகிதர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.
போத்தலுக்குக் கட்டம் இல்லை.
டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
மூடியை இன்னொரு தரம் இறுக்கினாள்.
திருப்பித் தந்தாள், இரண்டு கையாலும்.

வாசலில், பெயர்ப்பலகைக் கம்பத்தில்
ஒரு மான் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
டவுனில் திரிகிற, பொலித்தீன் தின்கிற மான்தான்.
கண்ணை மூடி, கழுத்தை நீட்டி,
என்ன சுகம்!
காவலுக்கு நின்ற பையன் விரட்டவில்லை,
சிரித்துக்கொண்டே பார்த்தான்.
நான் ஆட்கள் முன்னால் சொறிந்து
எத்தனையோ வருஷம்.

கிண்ணியா பஸ். ஜன்னலோரம்.
பக்கத்தில் இருந்தவர்
மிச்சக் காசை வாங்கி எண்ணும்போது
என் மணிக்கட்டைக் கண்டார்.
சீனக்குடாவில் எழும்பிக்
கம்பியைப் பிடித்து நின்றார்,
இப்போது இறங்கப் போகிறவர் மாதிரி.
பாலம் வந்தும் இறங்கவில்லை.

வெறும் றெக்சின் இருக்கை.
அவர் இருந்த சூடு கூட ஆறியிருக்காது.
ஒருவரும் பார்க்காத நேரம்
கையை அதில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன்.
குறுக்கே நான்கு, நெடுக்கே இரண்டு.
எட்டும் பதினொன்றும் பத்தொன்பது.

இன்னும் ஒன்று வேண்டும்.

பாலத்துக்குக் கீழே குடாத்தண்ணி
மழையை வாங்கிக்கொண்டே கிடந்தது.
மடியில் போத்தல்.
அதன் பக்கத்தில் கையை மல்லாத்தி வைத்தேன்,
காலையிலிருந்து முதல் தடவை.
ரேகை எது, வெடிப்பு எது என்று
எனக்கே தெரியவில்லை.